அப்ஹோர் பொன்மணி

சிவகாசியில் பிரபாகரனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எம்புட்டுத் தெரியும் என்பதில்தான் தகராறு. நல்லசிவம் அண்ணாச்சியின் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் தயார் செய்கிற வேலை அவனுக்கு. படம் போடுவது, கலர் கூட்டுவது, எழுத்து வைப்பது என்று கம்ப்யூட்டரில் கை பறக்கும். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவனும் நிம்மதியாக இருந்திருப்பான், ஊரும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனைப் பிடித்த சனியன், சொற்களின் பூர்வீகம். ஓர் இங்கிலீஷ் வார்த்தை கையில் கிடைத்துவிட்டால் போதும், அதன் அப்பன் யார், பாட்டன் யார், லத்தீனா கிரேக்கமா, எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று போனில் தோண்ட ஆரம்பித்துவிடுவான். இன்றைக்கு அந்த வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று மட்டும் பார்க்க மாட்டான். கேட்டால், "அர்த்தங்கிறது நேத்து வந்த வேலைக்காரன்யா. மூலந்தான் முதலாளி" என்பான். முதலாளி பக்கத்தில் இல்லாதபோதுதான் இதைச் சொல்வான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலாளிக்கே ஒருமுறை இந்தப் பூர்வீகம் வந்து சேர்ந்தது. அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்னார்கள். பிரபாகரன் ராப்பகலாக யோசித்து, அண்ணாச்சியின் பெரிய படத்துக்கு மேலே 'ஆஃபுல் அண்ணாச்சி' என்று ஆங்கிலத்தில் போட்டான். ஆதியில் அந்தச் சொல்லுக்குப் 'பார்த்தவர் பயபக்தியோடு மலைத்து நிற்கும்படியானவர்' என்று பொருளாம். விருதுநகரிலிருந்து வந்த வியாபாரிகள் உண்மையிலேயே மலைத்துத்தான் நின்றார்கள். 'படுமோசமான அண்ணாச்சி' என்ற எழுத்துக்குக் கீழே நின்று ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"பூர்வீகத்துல அது பெரிய மரியாதை அண்ணாச்சி" என்று பிரபாகரன் கையைப் பிசைந்தான்.

"ஏலே, பூர்வீகத்துல எனக்குந்தான் தலை நிறைய முடி இருந்துச்சு. இப்ப அதை யாரு பாக்கா?" என்றார் அண்ணாச்சி.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். பிரபாகரன் எழுதுகிற இங்கிலீஷ், அவர் கண்ணில் படாமல் மிஷினுக்குப் போகக் கூடாது. பிரபாகரனும் அந்தச் சட்டத்தை மதித்துத்தான் நடந்தான். வெள்ளைத்துரை அச்சகத்துக்கு வந்த வாரம் அண்ணாச்சி குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார். அது யார் குற்றம்?

வெள்ளைத்துரை தாயில்பட்டிக்காரர். அந்தக் காலத்தில் அவருடைய அப்பா மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனவர். இவர் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து அடைத்து, ஃபோர்மேன் ஆகி, லைசென்ஸுக்காகப் பல ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கி, இந்த வருசம்தான் சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போட்டிருந்தார். முதல் சரக்கு, மேலே போய் விரிந்து பொன்னாகக் கொட்டுகிற வெடி ரகம் ஒன்று. அதற்கு ஒரே மகள் பொன்மணியின் பேரை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"அடுத்தவன் பேரு போட்ட பெட்டியிலேயே ஆயுசு போயிருச்சு தம்பி. இதுல எம்புள்ள பேரு வரணும். பாக்கிறவன் அசந்து போகணும். மேல ஏதாவது இங்கிலீஷ்ல ஜோரா ஒண்ணு போட்டுவிடுங்க" என்றார்.

தம்பி என்று அவர் கூப்பிட்டது சும்மா இல்லை. பொன்மணியைப் பிரபாகரனுக்குக் கேட்டு அவன் அம்மா பாலம்மாள் போய்வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. தட்டியதும் இவன்தான். பெண் பேசிய இங்கிலீஷில் பிழை கண்டுபிடித்து வேண்டாம் என்றவன் தமிழ்நாட்டிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். "ஏலே பிரபா, நீ என்ன லண்டனுக்கா மாப்பிள்ளை போகப் போற?" என்று பாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த விசயம் சாத்தூர், ஏழாயிரம்பண்ணை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருந்தது.

ஆனால் பொன்மணியைப் பார்த்த அன்று அவனுக்கு இங்கிலீஷே மறந்துபோனது. அப்பாவின் யூனிட்டில் ஆபீஸ் வேலையெல்லாம் அவள்தான் பார்த்தாள். காபியைக் கொடுத்துவிட்டு, "உங்க லேபிள்ல வர்ற பாப்பாவுகளுக்கெல்லாம் கன்னம் ஏன் அம்மை போட்ட மாதிரி செவந்து கிடக்கு?" என்று கேட்டாள். ஒருத்தி தன் வேலையைக் கவனித்துப் பார்த்துக் குறையும் சொல்கிறாள் என்பதே அவனுக்கு இனித்தது. வீட்டுக்கு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டான். பாலம்மாள் அன்றைக்கே இருக்கன்குடி மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தாள்.

அப்பேர்ப்பட்ட பொன்மணியின் பேருக்கு மேலே ஒரு வார்த்தை வைக்க வேண்டும். சூப்பர், ஸ்டார், கோல்டன் எல்லாம் சிவகாசியில் தெருவுக்கு நாலு கிடக்கும். பிரபாகரன் போனை எடுத்துத் தோண்டினான். மேலே வெடித்ததைப் பார்த்து உடம்பு சிலிர்க்குமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். தோண்டத் தோண்ட லத்தீனில் ஒரு வேர் தட்டுப்பட்டது. மயிர் குத்திட்டு நிற்பது, உடம்பு சிலிர்த்துப் பின்னால் நகர்வது. அந்த வேரிலிருந்து முளைத்த இங்கிலீஷ் சொல், அப்ஹோர்.

பிரபாகரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரியில் தீ வைத்தவன் என்ன செய்வான்? பின்னால் நகருவான். மேலே போய்ப் பொன்னாகக் கொட்டும்போது என்ன ஆகும்? மயிர் குத்திட்டு நிற்கும். ஒரு சொல்லுக்குள் ஒரு வெடியே இருக்கிறதே! ரோமாபுரிக்காரன் தாயில்பட்டிக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் இந்தச் சொல்லைச் செய்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குக் கீழேயே அர்த்தமும் பயன்பாடும் எழுதித்தான் இருந்தன. விரலால் இரண்டு தள்ளு தள்ளியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். வேலைக்காரனை எதற்குப் பார்க்க வேண்டும் என்று போனை அணைத்துவிட்டான்.

கருநீல வானம், பொன் மழை, மேலே பெரிய எழுத்தில் 'அப்ஹோர்', அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'பொன்மணி'. இரண்டும் ஆங்கிலத்தில். புரூஃபை வெள்ளைத்துரைக்குப் போனில் அனுப்பினான். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. சீசன் நேரம், அண்ணாச்சிக்காகக் காத்திருக்க முடியாது. முதல் லோடு வடக்கே போவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. மிஷின் ஓடியது.

முதல் பெட்டியை இருக்கன்குடி ஆத்தா காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் லோடு ஏற்ற வேண்டும் என்று வெள்ளைத்துரை சொல்லிவிட்டார். அங்கேயே பெண்ணுக்குப் பூவும் வைத்துவிடலாம் என்றாள் பாலம்மாள். ஆக, வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வீட்டாரும் கோயிலில் கூடினார்கள். பூ வைத்துவிட்டால் பெண் உறுதி. பிரபாகரன் புதுச் சட்டையும் பவுடருமாக, மல்லிகைப் பந்தை வைத்திருந்த அம்மாவின் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பூசாரி பெட்டியை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, வெள்ளைத்துரையிடம் கொடுத்தார். மனுசன் அதைப் பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். எத்தனையோ பேருடைய பெட்டிகளைத் தூக்கிச் சுமந்த கை, இந்தச் சின்னப் பெட்டியின் ஓரங்களைத் தடவிப் பார்த்தது. பொன்மணி அதை அவரிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அய்யா, இவுககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்" என்றாள்.

பாலம்மாளுக்கு வாயெல்லாம் பல். "போய்ப் பேசுங்க, போய்ப் பேசுங்க" என்று மகனை முதுகில் தள்ளிவிட்டாள்.

கோயிலுக்கு வெளியே ஆற்று மணல் பக்கம் ஒரு வேப்பமரம். மொட்டை போட்ட பிள்ளைகள் தலையில் சந்தனத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பொன்மணி பெட்டியைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

இந்தக் கேள்விக்காகத்தானே பிரபாகரன் பிறந்திருந்தான்! லத்தீனில் ஆரம்பித்தான். வேரைச் சொன்னான், முன்னொட்டைச் சொன்னான். மயிர் எப்படிக் குத்திட்டு நிற்கும் என்று தன் முழங்கையையே காட்டினான். திரி, தீ, பின்வாங்கல், பொன் மழை என்று ஒன்றையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அசந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்து, "உங்களுக்காகவே தேடிக் கண்டுபிடிச்சது" என்றும் சொல்லி முடித்தான்.

"நேத்து இந்தப் பெட்டியப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்" என்றாள் பொன்மணி. "எங்கூடப் படிச்ச ஓவியா பெங்களூர்ல இருந்து போன் போட்டா. 'யாரடி உன்னைய இப்படி அருவருக்கிறது?'ன்னு கேட்டா. நான் உடனே ஸ்டேட்டஸ அழிச்சுட்டேன்."

"அருவருக்கவா?"

அவள் தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்ஹோர்: கண்டாலே அருவருப்பது. வெறுத்து ஒதுக்குவது. கீழே பயன்பாட்டுக்கு உதாரணமும் இருந்தது. கொடுமையை அப்ஹோர் செய்கிறேன், துரோகத்தை அப்ஹோர் செய்கிறேன். பிரபாகரன் பெட்டியைப் பார்த்தான். முதல் முறையாக அர்த்தத்தோடு வாசித்தான். பொன்மணியை அருவருத்து ஒதுக்குங்கள். பொன் எழுத்தில், கருநீல வானத்தில், லேமினேஷன் பளபளப்போடு.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு ஊருக்கே தெரியும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "முந்தி ரெண்டு பேர வேண்டாம்னதும் தெரியும். என்னையப் பிடிக்கலேன்னா வேண்டாம்னு தமிழ்ல சொல்லிருக்கலாம். நான் ஒண்ணும் செத்துப்போக மாட்டேன். எங்கய்யாவோட முதப் பெட்டியில அச்சடிச்சா சொல்லணும்? அதைக் கையில வாங்கிட்டு அவுக நின்னதப் பாத்தீகல்ல?"

பார்த்திருந்தான். இத்தனை வருசமாக முதலாளி, மூலம் என்று வாய் கிழியப் பேசியவன், ஒரு மனுசரின் வாழ்நாள் ஆசை மேலே சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூ வைக்க வந்து நிற்கிறான். அவளோ அவனை அயோக்கியன் என்று நினைக்கிறாள். அவன் அயோக்கியன் இல்லை, வெறும் முட்டாள்தான். அதை நிரூபித்தால்தான் கல்யாணம். முட்டாள் என்று நிரூபிக்க இந்த உலகத்தில் எவன் இவ்வளவு தவித்திருப்பான்!

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

"தெரியாமலா லத்தீன் வரைக்கும் போனீக?"

நியாயமான கேள்வி. பிரபாகரன் வேர்த்து வழிந்தான். முகத்துப் பவுடர் கோடுகோடாக இறங்கியது. கடைசியில் போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். குற்றாலத்து அருவி இரைச்சல்தான் முதலில் வந்தது.

"அண்ணாச்சி, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு ஒருத்தருக்குச் சொல்லணும்."

அருவிக்கு மேலாக அண்ணாச்சியின் குரல் வந்தது. "என்னத்தலே அச்சடிச்ச?"

பொன்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பெட்டி அண்ணாச்சி. வேணும்னே செஞ்சேன்னு நினைக்கிறாங்க. நான் கெட்டவன்னு."

"கெட்டவனா? நீயா?" அண்ணாச்சிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டன. "கெட்டவனா இருக்கக் கொஞ்சமாவது மூளை வேணும்லே. யாரு பக்கத்துல? குடுலே போனை. யாரும்மா அது? கேட்டுக்கம்மா. அறுபதாம் கல்யாணத்துல என்னைய 'படுமோசம்'னு வாசல்ல எழுதி மாட்டினவன் இவன். மாட்டிட்டு, எங்காலத் தொட்டுக் கும்பிட்டு, கண் கலங்கி நின்னான். திட்டிட்டோம்னு தெரியாமலேயே அம்புட்டுப் பாசம்! இவனுக்குச் சூது வாது கிடையாது. இங்கிலீஷும் கிடையாது. ரெண்டுக்கும் நான் ஜவாப்தாரி. போதுமா? ஏலே, மிஷினை நிப்பாட்டு, நான் பஸ் ஏறுதேன்."

போன் அணைந்தது. பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரபாகரனுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அவனுக்கு அது வேண்டியதுதான்.

திரும்பியபோது கண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. முட்டாள்தான்" என்றாள்.

"ஆமாங்க" என்றான் பிரபாகரன். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

"லோடு ஏறுறதுக்கு முன்னால ஒவ்வொரு பெட்டியிலயும் அந்த வார்த்தைய மறைக்கணும். இங்கிலீஷே வேண்டாம். வெறும் தங்கக் கலர்ல ஒரு பட்டை. நீங்களே வந்து உக்காந்து ஒட்டணும்."

"ஒட்டுதேன்."

"எங்கய்யாவுக்கு இது எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாது. என்ன ஆனாலும் சரி, உங்க வாயில இருந்து வரக் கூடாது."

"வராது."

"அப்புறம் எனக்குன்னு தனியா ஒரு பெட்டி வேணும்." அதை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று கிட்டே வந்து சொன்னாள். கேட்டுவிட்டுப் பிரபாகரன் தலையை ஆட்டினான்.

உள்ளே போனதும் பாலம்மாள் பூ வைத்தாள். "அம்புட்டு நேரமா என்னலே பேசுன? இப்படி வேர்த்துப்போயிருக்க?" என்று கேட்டாள். அவன் வெயில் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டி யூனிட்டில், பேக்கிங் ஷெட்டில், பெண்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரபாகரன் பட்டை ஒட்டினான். பட்டை அழகுக்குத்தான் என்று பொன்மணி அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தோண்டுவதற்கு வழியில்லாமல் நாள் முழுக்க மனுசர்களோடு பேசினான். "மாப்பிள்ளைக்குப் பசை விரல்லயே காஞ்சுபோகுது. மெதுவா ஒட்டுங்க, பொண்ணு எங்கயும் ஓடிறாது" என்று அவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். வெள்ளைத்துரை ஒரு பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தங்கப் பட்டைக்கு அப்புறந்தான் மாப்ளெ பெட்டிக்கே ஒரு களை வந்துருக்கு" என்றார். பிரபாகரன் தலையைத் தூக்கவே இல்லை.

தீபாவளிக்குப் பெட்டிகள் நன்றாகவே போயின. அடுத்த சீசனில் சிவகாசியில் பாதிப் பெட்டிகளில் காரணமே இல்லாமல் ஒரு தங்கப் பட்டை வந்தது. நம்ம ஊரில் அப்படித்தான், ஒருவன் வழுக்கி விழுந்தால் அதுவும் ஒரு மோஸ்தர்.

தை மாசம் கல்யாணம் முடிந்து, பொன்மணி சிவகாசி வீட்டுக்கு வந்ததும் தன் தனிப் பெட்டியை ஷோகேஸின் நடுவில் வைத்தாள். கருநீல வானம், பொன் மழை, பட்டை கிடையாது. மேலே 'அப்ஹோர்' அப்படியே இருந்தது. கீழே மட்டும் பேர் மாறியிருந்தது. 'பிரபாகரன்'. அவனே கலர் கூட்டி, அவனே எழுத்து வைத்து, அவனே அடித்தது. வீட்டில் அவன் லத்தீனை ஆரம்பிக்கிறபோதெல்லாம் பொன்மணி ஒன்றும் பேச மாட்டாள். துணியை எடுத்து அந்தப் பெட்டியைத் துடைப்பாள்.

ஒருநாள் வெள்ளைத்துரை மகளைப் பார்க்க வந்தார். பாலம்மாள் கடைக்குப் போயிருந்தாள். அவர் உட்கார்ந்ததும் கண் ஷோகேஸில் போய் நின்றது. எழுந்து கிட்டே போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகளின் பேர் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று அத்தனை பெட்டிகளில் பார்த்துப் பழகியிருந்தார். அது இங்கே இல்லை.

"மாப்ளெ, இதுல என்ன பேரு போட்டுருக்கு?"

பிரபாகரன் எழுந்து நின்றான். "எம்பேரு மாமா."

"எம்புள்ள பேர எடுத்துட்டா?"

"ஆமா மாமா."

வெள்ளைத்துரை அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் மனசு நொந்துபோனது முகத்திலேயே தெரிந்தது. "நான் உசிரக் குடுத்துப் போட்ட முத ரகம் மாப்ளெ. அதுல எம்புள்ள பேரு இருக்கணும்னுதான் ஆசப்பட்டேன். அதையும் அழிச்சு உங்க பேரப் போட்டு, நடுவீட்டுல வச்சுப் பாத்துக்கிடுதீகளா? அம்புட்டுப் பெருமையா உங்களுக்கு?"

அடுப்படி வாசலில் காபித் தம்ளரோடு பொன்மணி அசையாமல் நின்றாள். பிரபாகரன் அவளைப் பார்த்தான். மேலே இருக்கிற அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னால் போதும், தன் மேல் விழுந்த பழி போய்விடும். இப்போது அவனுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். பயன்பாடும் தெரியும்.

"ஆமா மாமா. கொஞ்சம் பெருமை புடிச்ச ஆளுதான் நான்" என்றான்.

"நல்லாயிருக்கு போங்க" என்று முனகிக்கொண்டு வெள்ளைத்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்மணி காபியைக் கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிரபாகரனிடமும் ஒரு தம்ளரை நீட்டினாள். அவன் வாங்கும்போது முழங்கையில் மயிர் குத்திட்டு நின்றது. அதற்கு என்ன சொல் என்று அவன் தேடவில்லை.